நாற்பது மைலில் வரும் நடுக்கம்

1938 பிப்ரவரி 7, திங்கள்

விடியற்காலை பனி. எட்டு மணிக்கெல்லாம் சுள்ளென்று வெயில். மேலூர் தாண்டினால் ஒரே புழுதி.

கொட்டாம்பட்டி போய் அக்கா கண்ணைப் பார்த்து வந்தேன். புரை நன்றாக முற்றிவிட்டது. இனித் தள்ளிப்போடக் கூடாது. இடது கண் சின்ன வயதில் அம்மையில் போனது. மிச்சம் இந்த வலது கண் ஒன்றுதான். ஆபரேஷன் 18ஆம் தேதி, வெள்ளி, நம் ஆஸ்பத்திரியிலேயே. அக்கா போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: நான்தான் செய்ய வேண்டும்.

திரும்பும்போது கார் மறுபடியும் அதே சேட்டை. முப்பத்தைந்து மைல் வேகம் வரைக்கும் பரம சாது. அதைத் தாண்டியதும் ஸ்டியரிங்கில் ஒரு சிலிர்ப்பு. நாற்பதில் முழு வட்டமும் கையில் கிடந்து துடிக்கிறது. ஐம்பதைத் தொட்டால் அடங்கிவிடும். ஆனால் இந்த ரோட்டில் ஐம்பதை எங்கே தொடுவது? மாட்டு வண்டி, வண்டிக்குப் பின்னால் ஆடு, ஆட்டுக்குப் பின்னால் ஆள்.

கொடைக்கானலை விட்டுச் சீமைக்குப் போன தோட்டத் துரையிடம் வாங்கியது. சிவப்பு. இரண்டு பேர்தான் உட்காரலாம். கூரை கிடையாது, கம்பிச் சக்கரம். ஐம்பத்துநாலு வயதில் உனக்கு எதற்கய்யா பந்தயக் கார் என்று கேட்காத ஆள் ஊரில் பாக்கியில்லை. கேட்கட்டும்.

வீடு வந்து வெகுநேரம் விரல்கள் மரத்துக் கிடந்தன. மத்தியானம் மூன்று கண். இரண்டாவதில், கத்தியை உள்ளே செலுத்தும் நேரம், முனை ஒரு கணம் ஆடியது. நூலிழைதான். நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. எதிரே கிரேஸ். என் உதவி டாக்டர், பசுமலைப் பெண், மூன்று வருடமாக என்னிடம் இருக்கிறாள். பார்த்தாளா, தெரியவில்லை. முகத்தில் ஒன்றும் காட்டவில்லை.

காரணம் வெட்டவெளிச்சம். அந்த ஸ்டியரிங்கை அவ்வளவு தூரம் பிடித்து வந்தவன் கை வேறு எப்படி இருக்கும்? காரைச் சரிசெய்யாமல் அக்கா கண்ணில் கை வைக்கக் கூடாது. 18க்குள் சரியாக வேண்டும்.

நாளை: மெக்கானிக். பஞ்சு, கண்ணை மரக்கச் செய்யும் கொக்கெய்ன் சொட்டு தீரப்போகிறது, சொல்லி அனுப்ப. பேனாவுக்குப் புது நிப். எழுத்து எறும்பு ஊர்வது போல் சிறுத்துக்கொண்டே போகிறது.

பிப். 8, செவ்வாய்

தெற்கு வெளி வீதி. மாயாண்டியின் பட்டறை. காரைச் சுற்றி ஒரு நடை நடந்தான். சக்கரத்தைக் காலால் ஒரு உதை. அவ்வளவுதான் பரிசோதனை.

"டாக்டரய்யா, இது ஒண்ணுமேயில்ல. காத்துதான். ஒரு சக்கரம் கல்லு மாதிரி இருக்கு, இன்னொண்ணு தொளதொளன்னு கெடக்கு. அம்புட்டுத்தான் விசயம்."

ஆன வேலைகள்:
நான்கு சக்கரத்திலும் காற்று ஒரே அளவு.
முன் டயர் பின்னால், பின் டயர் முன்னால்.
தளர்ந்திருந்த சக்கரக் கம்பிகளை முறுக்கியது.
பேரிங் கழுவிப் புது கிரீஸ்.

திருமங்கலம் ரோட்டில் கப்பலூர் வரை ஓட்டிப் பார்த்தோம். முப்பத்தெட்டில் தொடங்கி நாற்பதில் அதே துள்ளல். மாயாண்டிக்குச் சிரிப்பு.

"அம்பதுல நின்னுருதுல்லய்யா? பேசாம அம்பதுலயே போங்க."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இறங்கி நடந்து போ என்று சொல்ல வாய் வரை வந்தது.

பிப். 9, புதன்

மாயாண்டி இன்று புதுசாக ஒரு யோசனை சொன்னான். ஸ்டியரிங் வட்டம் முழுக்க சைக்கிள் ட்யூபைச் சுற்றி, அதற்கு மேல் காடாத் துணி, அதற்கு மேல் நூல் கட்டு. "நடுக்கம் இருந்துட்டுப் போகட்டும்யா. ஒங்க கைக்குத் தெரியாமப் பண்ணிர்றேன்."

பார்க்கக் கட்டுப் போட்ட கால் மாதிரி இருந்தது. ஆனால் உண்மையிலேயே கைக்குக் குறைவாகத்தான் தெரிந்தது. அற்பத்தனமாகச் சந்தோஷப்பட்டேன். நானே நோயாளிகளைத் திட்டுகிற விஷயம் இது. வலி தெரியாமல் மருந்து போட்டுக்கொண்டு, கண் போன பிறகு வந்து நிற்பார்கள்.

மத்தியானம் நான்கு கண். மூன்றாவதில் நான் கேட்காமலேயே கிரேஸ் என் கையிலிருந்து இடுக்கியை வாங்கித் தானே பிடித்தாள். வெளியே வந்ததும் கத்திவிட்டேன்.

"யார் சொல்லி வாங்கினே?"

"தப்புதான் சார்."

"இந்த ஆஸ்பத்திரியில் நான் கேட்டால்தான் கை நீள வேண்டும்."

"சரி சார்."

கோபத்துக்கு எதிர்ப்பேச்சு பேசாதவர்களிடம் கோபம் இன்னும் ஏறுகிறது. கார் மட்டும் சரியாகட்டும், அதுவரை எனக்கு நல்ல நாளே இல்லை என்று அவளிடம் சொன்னேன். தலையை மட்டும் ஆட்டினாள்.

பிப். 10, வியாழன்

சோதனைக்காகக் காரைத் தொடவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போக வர ஜட்கா. கை ஓய்ந்தால் நடுக்கம் போக வேண்டும். அதுதானே நியாயம்.

சாயங்காலம் தம்ளர் நிறையத் தண்ணீர் எடுத்து நின்று பார்த்தேன். விளிம்பில் அலை.

ஜட்காக் குதிரை சரியில்லை. மாசி வீதிக் கல்லில் அது போட்ட குலுக்கலில் குடலே இடம் மாறியிருக்கும். பிறகு கை மட்டும் எப்படி நிதானமாக இருக்கும்? நாளைக்கு நடந்தே போகிறேன்.

பிப். 11, வெள்ளி

நடந்தே போனேன். வெயில். வழியில் கும்பிட்டவர்களுக்குப் பதில் கும்பிடு போட்டே கை வலித்தது.

ஆபரேஷன் எதுவும் வைக்கவில்லை. கணக்கு எழுத வேண்டும் என்று சொன்னேன். கிரேஸ் ஏன் என்று கேட்கவில்லை.

தண்ணீர்ச் சோதனை: எழுதப் பிரியமில்லை.

பிப். 12, சனி

கொட்டாம்பட்டி. அக்காவை ஆபரேஷனுக்குத் தயார் செய்ய: இருமல் இருக்கிறதா, சர்க்கரை இருக்கிறதா, பல் எப்படி. எல்லாம் நலம். அறுபது வயதில் என்னைவிட உறுதி.

முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். புது மருமகள் செல்லம்மா காபி கொண்டு வந்தாள். அவள் உள்ளே போகும் வரை அக்கா பேசவில்லை.

"தம்பி, எனக்கு இவ கொரலுதான் தெரியும். கல்யாணத்தன்னைக்குக் கூட மூஞ்சி இருக்கிற எடத்துல மஞ்சளா ஒண்ணு அசைஞ்சது. அம்புட்டுத்தான். ராஜு பெண்டாட்டி மூக்கும் முழியுமா இருக்காளாடா?"

"நல்லா இருக்காக்கா."

"நீ சொன்னா எனக்கு எதுக்கு? நானே பாத்துக்கிறேன்." தம்ளரைக் கீழே வைத்துவிட்டு: "வேற எவன் கையும் எங் கண்ணுல படக்கூடாது. போன கண்ணுக்கு ஆளாளுக்கு மருந்து விட்டுத்தான் அது அவிஞ்சு போச்சு. இதுக்கு நீ மட்டுந்தான். இல்லைன்னா குருடாவே இருந்துட்டுப் போறேன்."

வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டேன். வேர்வை.

கிளம்பும்போது ராஜு காருக்குப் பின்னாலேயே வந்தான். இவன் முழியே சரியில்லையே என்று பார்த்தேன்.

"மாமா, ஒண்ணு சொல்லுவேன். கோவிச்சுக்கிறக் கூடாது."

கல்யாணத்துக்கு முந்தின நாள் மாப்பிள்ளை அழைப்புக்கு இந்தக் காரைத்தான் கொடுத்திருந்தேன். தாய்மாமன் கார், சிவப்புக் கார், திறந்த கார். ஊரே பார்க்க வேண்டுமே. நான் பெண் வீட்டு வாசலில் சம்பந்திகளோடு நின்றுகொண்டிருந்தேன். ஊர்வலத்தோடு போகவில்லை. அங்கே நடந்தது இதுதான்.

"காஸ் லைட்டு தூக்குற ஆளுக வரல மாமா. அதான் மூங்கில் சட்டம் ஒண்ணு கட்டி, ரெண்டு லைட்டையும் காருக்கு முன்னாடி நிப்பாட்டுனோம். சட்டத்தைக் கட்ட எடம் வேணும்ல? காருக்கு அடியில குறுக்க ஒரு இரும்புக் கம்பி ஓடுச்சு. நல்ல கெட்டிக் கம்பி. அதுல கயித்தப் போட்டு இறுக்கிட்டோம்."

"அப்புறம்?"

"பிள்ளையார் கோயில் முக்குல திரும்புறப்போ சட்டம் படிக்கல்லுல மாட்டிக்கிருச்சு. ஓட்டுன பய ஒரே மிதியா மிதிச்சுட்டான். கல்லு பேந்து போச்சு மாமா."

குனிந்து பார்த்தேன். முன் சக்கரங்கள் இரண்டையும் சேர்த்துப் பிடிக்கிற கம்பி. டை ராடு. நடுவில் லேசாக வில் போல் வளைந்திருந்தது. அதில் விளக்கைக் கட்ட வேண்டும் என்று உலகத்தில் வேறு எந்த ஊர்க்காரனுக்காவது தோன்றுமா?

ராஜு அடி விழும் என்று நின்றான். நான் அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். பையன் மிரண்டு போனான். கார்தான்! கார்தான்! எனக்கு ஒன்றுமில்லை!

மாயாண்டி இத்தனை நாள் எதைப் பார்த்தான்? தண்டப் பயல்.

பிப். 14, திங்கள்

நேற்று முழுக்கப் பட்டறையில். இன்று மத்தியானம் வரையிலும்.

டை ராடைக் கழற்றி நேராக்கினார்கள். காய்ச்சி அடிக்கிறேன் என்றான் மாயாண்டி. காய்ச்சினால் இரும்பு சோர்ந்துவிடும், பச்சையாகவே அழுத்து என்றேன். அதில் ஒரு சண்டை. மரக்கட்டையில் வைத்துத் திருகு போட்டு அழுத்தி, கல்லில் உருட்டிப் பார்த்து, மறுபடி அழுத்தி. இரு முனையிலும் தேய்ந்த குண்டு மூட்டுகளை மாற்றியாயிற்று. பிறகு முன் சக்கரங்களுக்கு இடையே நூல் பிடித்து அளந்தோம். முன்பக்கம் மயிரிழை குறுகலாக இருக்க வேண்டும். இருந்தது. சக்கரம் தாங்கும் ஸ்பிரிங்கின் ஆணிகளையும் முடுக்கச் சொன்னேன். ஸ்டியரிங்கில் சுற்றிய காடாக் கட்டைக் கத்தரித்து எறிந்தேன்.

தனியாகத்தான் போவேன் என்று சொல்லிவிட்டு மேலூர் ரோடு.

முப்பது. முப்பத்தைந்து. மூச்சைப் பிடித்துக்கொண்டேன். முப்பத்தெட்டு. நாற்பது.

ஒன்றுமில்லை.

நாற்பத்தைந்து. ஐம்பது. குறைத்து மறுபடி நாற்பது. ஒன்றுமே இல்லை. ஊமை மாதிரி ஓடுகிறது. சத்தம் போட்டுச் சிரித்தேன். எதிரே வந்த வண்டிக்காரர் கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டு, "என்னா சாமி, என்னா ஆச்சு?" என்றார். ஒன்றும் ஆகலை, ஒன்றும் ஆகலை என்று கத்திக்கொண்டே போனேன்.

நேர் ரோடு. இரண்டு பக்கமும் வயல், ஆள் இல்லை. ஒரு திமிர். வேகத்தைக் குறைத்து, ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் கைகளை மடியில் வைத்துக்கொண்டேன். வட்டம் அசையவில்லை. கார் தானாக நூல் பிடித்தது போல் போனது.

கீழே பார்த்தேன்.

வலது கை மடியில் கிடக்கிறது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருக்கின்றன. மெதுவாக, ஒரே தாளத்தில். மாத்திரை உருட்டுவது போல.

நான் சொல்லவில்லை. விரல்கள் தாமாக.

காரை ஓரம் கட்டினேன். எஞ்சினை அணைத்தேன். அப்போதும் நிற்கவில்லை. இடது கையால் பிடித்துப் பார்த்தேன். பிடித்திருக்கும் வரை நின்றது.

மாணவனாக இருந்தபோது வார்டில் இப்படி ஒரு கையைக் காட்டி, இது என்ன சொல் என்று கேட்டார்கள். வகுப்பில் நான்தான் முதலில் சொன்னேன்: நடுக்குவாதம்.

பிப். 15, செவ்வாய்

வீட்டை விட்டுப் போகவில்லை. காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குச் சொல்லி அனுப்பினேன்.

சாப்பிடவில்லை.

அக்காவின் ஒரே கண்.

பிப். 16, புதன்

கிரேஸைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினேன். கையை மேஜைமேல் வைத்தேன். வேறு எதுவும் சொல்லத் தேவைப்படவில்லை. குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தாள்.

"மார்கழியிலேயே பாத்தேன் சார்."

மார்கழி. கல்யாணத்துக்கு முன்னால். மூங்கில் சட்டத்துக்கும் படிக்கல்லுக்கும் முன்னால்.

"ஏன் சொல்லவில்லை?"

"நீங்க கார் கார்னு சொல்லிக்கிட்டு இருந்தீங்க. நானும் காராவே இருக்கட்டும்னு வேண்டிக்கிட்டேன். போன வாரம் சொல்லிருவோம்னுதான் இருந்தேன். இடுக்கியை வாங்குனதுக்கே சத்தம் போட்டீங்க."

அழுதாள். நான் அழவில்லை, அதற்கு முன்னால் முடிக்க வேண்டிய காரியம் இருந்தது. அக்கா கண்ணை நீ செய் என்றேன்.

"அவங்க சம்மதிக்கணும் சார்."

"சம்மதிக்க வைக்கிறேன்."

ஒரே இழுப்பில் வெட்ட வேண்டிய இடம் அது. பாதியில் கத்தி தயங்கினால் கண்ணின் உள்நீர் வடிந்துவிடும், பிறகு ஒன்றும் செய்ய முடியாது. எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். இனிமேல் சொல்லிக் கொடுக்க மட்டும்தான் இந்தக் கை.

பிப். 17, வியாழன்

அக்காவைக் காரில் அழைத்து வந்தேன். ராஜுவும் செல்லம்மாவும் பஸ்ஸில்.

வழியில் சொல்லிவிடுவதாக எண்ணம். காற்று இரைச்சலில் பாதி கேட்காது, அதுவும் ஒரு சௌகரியம் என்று நினைத்தேன். கோழை.

"அக்கா, எங்கிட்ட கிரேஸ்னு ஒரு டாக்டர் இருக்கு. கை ரொம்பச் சுத்தம்."

"இருக்கட்டும்."

"இப்பல்லாம் பாதிக் கேஸ் அதுதான் பார்க்குது."

"எனக்கு நீ பாரு. வேற யாரும் தொட்டா எந்திரிச்சுப் போயிருவேன் தம்பி, சொல்லிப்புட்டேன்." கொஞ்ச தூரம் போனதும் கதவைத் தட்டிப் பார்த்தாள். "காரு நல்லாத்தானே போகுது? குலுக்குதுன்னு ராஜு சொன்னான்."

"சரி பண்ணியாச்சு அக்கா."

மேலூரில் சோடா வாங்கிக் கொடுத்தேன். பாட்டிலை அவள் கையில் கொடுக்கும்போது இரண்டு கையாலும் பிடித்துக் கொடுத்தேன்.

சாயங்காலம் கிரேஸிடம் என் யோசனையைச் சொன்னேன். அக்கா மல்லாந்து படுத்திருப்பாள். முகத்தில் துணி, கண்ணுக்கு மட்டும் வழி. அந்தக் கண்ணுக்கும் வெளிச்சம் தவிர ஒன்றும் தெரியாது. நான் தலைமாட்டில் நின்று பேசிக்கொண்டே இருப்பேன். நீ வாய் திறக்காமல் செய். அவளுக்கு நான் செய்ததாகவே இருக்கட்டும்.

கிரேஸுக்குப் பிடிக்கவில்லை. அது தெளிவாகத் தெரிந்தது.

"அக்கா எழுந்து போய்விட்டால் அந்தக் கண்ணும் போகும்" என்றேன். "அதற்கு நீ பொறுப்பா?"

அது அநியாயமான கேள்வி. தெரிந்துதான் கேட்டேன்.

"செய்றேன் சார். ஆனா அவங்க கேட்டாங்கன்னா நான் பொய் சொல்ல மாட்டேன்."

பிப். 18, வெள்ளி

பனி இல்லை. தெளிந்த காலை வெளிச்சம். கண் வேலைக்கு நல்ல நாள்.

அக்காவைப் படுக்க வைத்துத் தலைக்கு இரு பக்கமும் மணல் பை. நான் தலைமாட்டில். கிரேஸ் வலது பக்கம். நர்ஸுக்கு முன்கூட்டியே சொல்லியாயிற்று.

"சொட்டு விடுறேன் அக்கா. ஜில்லுன்னு இருக்கும்." கிரேஸ் விட்டாள்.

"கீழ பாரு. அப்படியே. அசையாதே." கிரேஸின் இடது கை அக்கா கன்னத்தில் அமர்ந்தது.

"கத்தி" என்றேன். நர்ஸ் கிரேஸிடம் கொடுத்தாள்.

என் கைகளை முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டேன். ஒன்றை ஒன்று இறுக்கிப் பிடித்தும் உருட்டல் நிற்கவில்லை. வாய் மட்டும் பேசிக்கொண்டிருந்தது. பயப்படாதேக்கா, இதோ, ஆயிருச்சு.

ஒரே இழுப்பு. இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வந்து, மேலே. என் நல்ல நாட்களில் நான் செய்தது போல. அதைவிடச் சுத்தமாகவே இருந்திருக்கும். பொறாமைப்பட்டேன். அக்கா கண் திறந்து கிடக்கிறது, நான் நின்று பொறாமைப்படுகிறேன். இங்கே எழுதாமல் வேறு எங்கே எழுதுவது.

புரை முழுசாக வந்தது, உடையாமல். கிரேஸ் நெற்றியில் வேர்வை. நர்ஸ் துடைத்துவிட்டாள். கறுப்புப் பாவை தெளிவாகத் தெரிந்தது.

இரண்டு கண்ணுக்கும் கட்டு. இனிக் கட்டு அவிழும் வரை அக்காவுக்கு ஒரே இருட்டு.

"முடிஞ்சுதுக்கா. நல்லபடியா முடிஞ்சுது. நீ அசையாமப் படுத்திருந்தே, அதான் என் வேலை சுளுவா ஆச்சு."

அக்கா துணிக்கு அடியிலிருந்து கையை மட்டும் வெளியே எடுத்தாள். காற்றில் துழாவியது. நான் குனிந்து என் கையை நீட்டினேன். அதை ஒதுக்கிவிட்டு, வலது பக்கம் போய்க் கிரேஸின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது.

"ஒம் பேரு என்ன தாயி?"

கிரேஸ் என்னைப் பார்த்தாள். நான் பதில் சொல்ல வாயெடுத்தேன்.

"ஒன்னையக் கேக்கல தம்பி" என்றாள் அக்கா.